உபதேசியாருக்கு எண்ணெய் பூசிய கதை

மானகிரிப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால், செபம் சொல்லி நெற்றியிலும் கையிலும் பூசுவதற்கு மந்திரித்த எண்ணெய்ச் சிமிழோடு கோயில் குருவான பங்குச்சாமி வருவார். அவருக்கு முன்னால், கோயில் காரியங்களில் அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஞானசேகர் வருவார். இவர் தலையைக் கண்டதுமே நோயாளிகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அந்தப் பூசுதலை வாங்கினால் உயிர் தங்காது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அது உபதேசியாருக்குப் பொறுக்காது.

"பூசுனா சுகமும் கிடைக்கும்யா. என்னத்துக்குப் பயப்படுறீக? சூசையப்பர் கூட இருக்காரு" என்று முப்பது வருஷமாக அதட்டி வந்தார். செத்தவர்கள் யாரும் திரும்பி வந்து அவரோடு வாதம் பண்ணவில்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் அவர் வயிற்றிலேயே கட்டி வந்தது. மதுரை டாக்டர் அவர் மனைவி ஞானமணியிடம், "வாய்க்குப் பிடிச்சதைக் கொடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். உபதேசியார் தட்டைத் தள்ளினார்.

"பத்தியக் கஞ்சி கொண்டா. உப்பைக் குறைச்சுப் போடு."

பிழைக்கப்போகிறவனுக்குத்தானே பத்தியம். அதனால் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்.

சாமி வருவதாகச் சொல்லியனுப்பும்போதெல்லாம் இவரிடம் ஒரு சாக்கு இருந்தது. மழை என்பார், சாமிக்குத் திருவிழா வேலை கிடக்கும் என்பார். கடைசியில் ஞானமணியே ஆள் விட்டு அழைத்துவிட்டாள். இளவயதுச் சாமி, பங்குக்குப் புதிது. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் உபதேசியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் நீங்கதானே தைரியம் சொன்னீக" என்றாள் ஞானமணி.

"சொன்னேன். அப்பப் படுத்துக்கிடந்தது நான் இல்லையே."

சாமி செபத்தை வாசித்தார். நெற்றி எட்டவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, போர்வைக்கு வெளியே கிடந்த கையைப் பிடித்தார்.

"நெத்தியிலதான் முதல்ல, சாமி. கை அப்புறம்" என்றார் உபதேசியார், சுவரைப் பார்த்தபடியே.

எண்ணெய் தொட்ட விரலோடு சாமி நின்றார். உபதேசியாருக்குச் சாவென்றால் பயம்தான். ஆனால் பூசுதலில் முறை தவற இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் விட்டதில்லை. முனகிக்கொண்டே புரண்டு நெற்றியைக் காட்டினார். கண் நிறைந்திருந்தது.

"பயமாத்தான் இருக்கு சாமி. பூசுங்க."

பூசி முடிந்தது. அவர் ஞானமணியைப் பார்த்தார்.

"மத்தியானத்துக்குக் கோழி அடி. காரமா வையி."