உருக்காலை வாசலில் நஸ்ரீன்

2008-ல், மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கிடைத்த மருத்துவமனை வேலையில் சேர்வதா, பொதுச் சுகாதார ஆய்வுக்காக இளம் பட்டதாரிகளுக்குத் தரும் ஓராண்டு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிப்பதா? அந்த ஃபெலோஷிப்பில் ஏற்கெனவே இருந்த தோழி நஸ்ரீன், ஒரு சனிக்கிழமை தன்னோடு வந்து பார்த்துவிட்டு முடிவு செய் என்றாள். அவள் பழவேற்காட்டுக்காரி, காது பரிசோதனை படித்தவள். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளின் இரைச்சல் தொழிலாளர்களின் காதை எவ்வளவு கெடுக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு.

சென்ட்ரலில் காலை மின்சார ரயில். நாற்பத்தெட்டு கிலோமீட்டர், சுமார் ஒன்றரை மணி நேரம். அத்திப்பட்டில் அனல்மின் நிலைய ஆட்கள் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைக்கும். கும்மிடிப்பூண்டியில் நஸ்ரீன் காத்திருந்தாள். காலை நாஷ்டா முடித்து, தலைக்கு ஐந்து ரூபாய் ஷேர் ஆட்டோவில் தொழிற்பேட்டை போனோம்.

ஆலைக்குள் நுழைந்ததும் காது வலித்தது. கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. அப்படிப் பழகுவதுதான் ஆபத்து என்று என் காதோரம் கத்தினாள் நஸ்ரீன்.

ஸ்டோர் அறையில் பரிசோதனை. இரண்டு பேருக்குத்தான் முடிந்திருக்கும், அதற்குள் சூப்பர்வைசர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"யாருக்குக் காது சரியில்லன்னு பேர மட்டும் சொல்லிடுங்க மேடம். மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

"பேர சொல்றதில்லன்னு அவங்ககிட்ட வாக்கு குடுத்துக்கிறேன் சார்."

"அப்ப இனிமே ஆலை கேட்டாண்ட வராதீங்க."

அவள் பரிசோதனைக் கருவியைப் பெட்டியில் வைத்து மூடினாள். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். ஃபெலோஷிப் முடிய மூன்று மாதம்தான் பாக்கி. பாதிப் பேரைக்கூடப் பரிசோதிக்கவில்லை. பெயரைச் சொன்னால் அவர்களுக்கு வேலை போகும், அதனால் சொல்ல முடியாது என்றாள். அந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

ஷிப்டு முடிந்து குமார் என்பவர் எங்களைத் தேடி வந்தார். உலைப் பக்கம் வேலை செய்பவர். நடந்ததையெல்லாம் ஸ்டோர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

"நாளைக்கு லீவு மேடம். எங்க ஏரியா சர்ச்சுல பூசை முடிஞ்சா அமைதியா இருக்கும். ஃபாதராண்ட நான் சொல்லிக்கிறேன். ஆளுங்கள இட்டுக்கினு வரேன்."

அன்றிரவு நஸ்ரீனின் வாடகை அறையில் தங்கினேன். மறுநாள் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்கு முன், மதியம் வரை வரிசை குறையவில்லை. முதலில் உட்கார்ந்தது குமார். ஹெட்போனில் ஒலி கேட்டால் கை தூக்க வேண்டும். மெல்லிய ஒலிகள் வரும்போது அவர் கை உயரவே இல்லை. நஸ்ரீன் பொறுமையாக விளக்கினாள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாள். அவர் தானே எழுந்துபோய் வெளியே நின்ற மனைவியை உள்ளே அழைத்து, அவளிடமும் சொல்லச் சொன்னார்.

கேட்டு முடித்த அந்தப் பெண் கணவரின் தோளைத் தொட்டு, அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று சொன்னாள்: "கூப்ட்டா திரும்பலன்னா திமிருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்யா."

நஸ்ரீன் ஆய்வை முடித்தாள். யார் பெயரும் இல்லாத அவளுடைய அறிக்கை மாவட்ட அதிகாரிகளிடம் போனது. அடுத்த ஆண்டு தொழிற்பேட்டை மருத்துவ முகாமில் காது பரிசோதனையும் சேர்ந்தது. ஆலைகள் மாறிவிட்டன என்று சொல்ல மாட்டேன்.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு: ஏற்கெனவே ஃபெலோவாக இருக்கும் ஒருவரோடு இரண்டு நாள் சுற்றிவிட்டு வாருங்கள். தண்ணீரும் காதுக்குப் பஞ்சும் எடுத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வையுங்கள், மக்கள் அன்றைக்குத்தான் பேசுவார்கள். நான் அந்தத் திங்கட்கிழமை மருத்துவமனைக்கு போன் செய்து, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.