வீடு பூட்டியிருந்தது

மர்பி டவுன் பகுதியில் எங்கள் சபை நடத்தும் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தின் நோட்டு பத்தொன்பது வருடங்களாக என்னிடம் இருக்கிறது. தொலைபேசித் துறையில் வேலை பார்த்த காலத்தில் வந்த பழக்கம்: எது நடந்தாலும் தேதி, கிழமை, நேரம் மூன்றையும் எழுதிவிடுவேன்.

வாரம் ஒரு வீடு. இருபத்தெட்டு வீடுகள் முடிந்தால் மறுபடி முதல் வீடு. எந்த வீட்டையும் தாண்டிப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. குடித்துவிட்டு வாசலில் படுத்திருப்பவர் வீட்டுக்கும் முறை வரும். முறை வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் நாற்காலி இரவல் வாங்கிப் போடுவார்கள். கடைசியில் அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஜெபிப்போம். துபாயில் இருக்கும் மகனையும், பேச்சை நிறுத்திக்கொண்ட மருமகளையும்கூட. பெயர் எதுவும் விட்டுப்போகாமலிருக்க வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அந்த நோட்டில் ஒரு பொய் இருக்கிறது. எழுதியவள் நான்.

ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6, வியாழக்கிழமை. நல்ல செய்தி என்று அதை நாட்குறிப்பில் சிவப்பு மையால் எழுதி வைத்தேன். அடுத்த மாதமே ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த வீட்டுக்கு முறை வந்தது. அந்த வீட்டுப் பிள்ளை சில வருடம் காணாமல் போயிருந்து, புடவை கட்டி மகளாகத் திரும்பி வந்திருந்தது. அந்த வாரம் வேறு வீட்டுக்குப் போகலாம் என்று சபையை நடத்தும் மூப்பர் சொன்னார். போனோம். நோட்டில் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதினேன்.

வீடு பூட்டியிருக்கவில்லை. அந்த அம்மா பன்னிரண்டு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி கொடுத்தவர்களே மறுநாள் எனக்குச் சொன்னார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முன்பே தாயும் மகளும் ஊருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம் குடிபோய்விட்டார்கள். தீர்ப்பைச் சிவப்பு மையில் எழுதிய அதே கை இதையும் எழுதியது.

இந்த வருடம் லெந்து என்னும் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லும் நேரத்தில், சிவாஜிநகரில் தையல் கடை வைத்திருக்கும் பெண் எழுந்து முன்னால் போனாள். அறுவை சிகிச்சை முடிந்து அன்றுதான் கோவிலுக்கு வந்திருந்தாள். அவளுடன் ஒரே வீட்டில் இருப்பவள் நர்ஸ். இருவரையும் சபையில் அக்கா தங்கை என்றே எல்லோரும் பேசி வந்தோம். நானும் நோட்டில் அவர்கள் பக்கத்தின் தலைப்பில் ‘சகோதரிகள்’ என்றே எழுதியிருந்தேன், கேட்டு எழுதவில்லை.

“எல்லாரும் எங்கள அக்கா தங்கச்சின்னு நெனச்சிட்டிருக்கீங்க. நாங்களும் சும்மா இருந்துட்டோம். இவங்க என் அக்கா இல்ல. பதினோரு வருஷமா நாங்க ஒண்ணா குடும்பம் நடத்துறோம். ஆஸ்பத்திரி ஃபாரத்துல என்ன உறவுன்னு கேட்ட எடத்துல இவங்க பேனாவ வெச்சிக்கிட்டு அப்படியே நின்னாங்க. அத நான் ஸ்ட்ரெச்சர்ல இருந்து பாத்தேன். இனிமே அப்படி நிக்க வேணாம்னுதான் சொல்றேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் அடுத்த கீர்த்தனையின் எண்ணை இரண்டு முறை அறிவித்தார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமையே அவர்கள் முறை. திங்கட்கிழமை மாலையே தையல்காரி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

“அக்கா, எங்க முறை வருமா? வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க. இனிமே அந்தக் கோயில் படி ஏற மாட்டோம், வேற எடம் பாத்துக்குறோம். வரும்னா நாற்காலி கேக்கணும்.”

நாற்காலி என்ற சொல் என்னை அசைத்துவிட்டது. கேட்டு வை என்றேன்.

புதன்கிழமை சபைக் கமிட்டி கூடியது. மூப்பர் கெட்டவரில்லை. கொரோனா காலத்தில் சபையார் எத்தனையோ பேருக்கு அலைந்து ஆஸ்பத்திரியில் இடம் பிடித்துக் கொடுத்தவர். அன்றைக்கும் தணிந்த குரலில்தான் பேசினார்.

“சிஸ்டர், அவங்கள வெளிய போன்னு யாரும் சொல்லல. இந்த ஒரு சுத்து விட்டுருவோம். அன்னைக்கு மாதிரி வீடு பூட்டியிருந்துச்சுன்னு எழுதிட்டீங்கன்னா யாருக்கும் மனசு நோகாது.”

அவருக்கும் அது நினைவிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை மேசை மேல் வைத்தேன். இது பொய், நானே எழுதிய பொய், இரண்டாவது முறை எழுத மாட்டேன் என்றேன். அவர் வேதத்திலிருந்து மூன்று வசனங்களைச் சொன்னார். அந்த மூன்றையும் அவற்றைப் பற்றி இரு பக்கத்தாரும் எழுதியதையும் நான் வருடக்கணக்கில் படித்திருக்கிறேன். வாதத்துக்கு இழுக்கவில்லை.

“பிரதர், அதே வேதத்துல, பாவின்னு ஊரே ஒதுக்குன ஒருத்தன் ஆண்டவரப் பாக்க மரத்து மேல ஏறி நின்னான், அவன் வீட்டுக்கு அவரு தானாவே போனாரு. ஊரே முறுமுறுத்துச்சு. அவரு எந்தக் கமிட்டிய கேட்டுட்டுப் போனாரு?”

ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஜெபித்து முடிவெடுப்போம் என்றார் போதகர். அதற்குள் நோட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள். மறுநாள் காலை சிவாஜிநகரில் எல்லாப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். மூலம் என்னிடமே இருக்கிறது.

அன்று பிற்பகல் 2.10க்குப் பகுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: ‘நாளை வெள்ளி, மாலை ஆறரை மணி’, பிறகு இருவர் பெயரும், அதன் பின் ‘குடும்பம்’. 2.17க்கு அது நீக்கப்பட்டது. 2.20க்கு மறுபடி போட்டேன். 2.31க்கு நீக்கினார்கள். 2.32க்குப் போட்டதை ஏனோ விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் பதினைந்து நாற்காலிகள் இருந்தன. என்னையும் சேர்த்து ஒன்பது பேர் போயிருந்தோம். வழக்கமாக இருபது பேர் வருவார்கள். காலி நாற்காலிகளை எடுத்து வைக்க வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். முடிவு ஜெபத்தை நான் செய்தேன். இருவரையும் பெயர் சொல்லி, இந்தக் குடும்பத்தை ஆசீர்வதியும் என்றேன். பிறகு அவர்கள் எதிரிலேயே ‘சகோதரிகள்’ என்பதை அடித்து, ‘குடும்பம்’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பக்கத்தையும் திருத்தினேன். ‘வீடு திறந்திருந்தது. நாங்கள் போகவில்லை.’ ஆனேக்கலுக்குக் குடிபோன அந்த அம்மாவுக்குப் போன் செய்து அதை வாசித்துக் காட்டினேன்.

“பன்னெண்டு சேரும்மா. ஒவ்வொண்ணா நானே தூக்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுத்தேன்.”

போனை வைத்துவிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நோட்டில் அடுத்த பக்கம் மூப்பர் வீடு. அதைத் தாண்டிப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். விதி விதிதான் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஆறரைக்கு நாங்கள் ஒன்பது பேரும், அந்த இருவரும் போய் நின்றோம். கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுப் பாய் அம்மா எட்டிப் பார்த்தார்.

“அவங்கோ மத்தியானமே கார்ல போய்ட்டாங்கோ. நீங்கோ நின்னுட்டே எப்டி தொழுவீங்கோ, குர்சி தர்றேன் இருங்கோ.”

ஆறு நாற்காலி வந்தது. முழங்கால் வலிக்காரர்களை உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் கேட்டுக்கு முன்னால் நின்றோம். இரண்டு கீர்த்தனை பாடினோம். தையல்காரி வேதம் வாசித்தாள். முடிவில் அந்தப் பக்கத்தைப் பார்த்து மூப்பரையும், அவர் மனைவியையும், இரண்டு மகன்களையும், மருமகளையும், பேத்தியையும் பெயர் சொல்லி ஜெபித்தோம். யாரையும் விடவில்லை.

நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்த பின், தெருவிளக்கின் கீழ் நின்றபடியே நோட்டில் எழுதினேன். தேதி, கிழமை. மாலை 6.30 முதல் 7.25 வரை. வந்தவர்கள் பதினொரு பேர். வீடு பூட்டியிருந்தது. கூட்டம் நடந்தது.