பம்பு கேட்டு வந்த டிரைவர் அண்ணன்

இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் அந்த விண்ணப்பப் பாரத்தை என் மேசையில் வைத்தார் டிரைவர் அண்ணன். எண்பதுகளின் நடுவில், மலேசியாவில், கோலா சிலாங்கூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் கிராணியாக, எழுத்தர் வேலையில், சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் நான் பிறந்த தோட்டத்தில் லோரி ஓட்டியவர். மனு கொடுப்பதற்காகத் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார்.

தோட்டத்தை ஒட்டிய சதுப்புக் காடு வறட்சி மாதங்களில் தீப்பிடிக்கும். அந்த மண்ணில் தீ மேலே அணைந்துவிட்டதுபோல் தெரியும். அடியில் வேர்களைப் பற்றிக்கொண்டு நகர்ந்தபடியே இருக்கும். பட்டணத்துத் தீயணைப்பு வண்டி செம்மண் சாலையில் வந்து சேர வெகுநேரம் ஆகும் என்பதால், அண்ணன் தோட்டத்து ஆட்களைச் சேர்த்து ஒரு தொண்டர் படை அமைத்திருந்தார். அவர்களிடம் இருந்ததெல்லாம் வாளிகளும், களைக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டும் பம்புகளும்தான். வாய்க்கால் தண்ணீரை இழுத்து அடிக்க இயந்திரப் பம்பு ஒன்று வேண்டும் என்பதே மனு.

"நிர்வாகத்துக்கிட்ட கேட்டேம்மா. தீ அரசாங்கக் காட்டுலேருந்துதானே வருது, அங்கயே போய்க் கேளுன்னுட்டாங்க" என்றார்.

தொண்டர் படைகளுக்கென்று அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது உண்மைதான். ஆனால் விதியில் 'கம்பம்', அதாவது கிராமம், என்றே இருந்தது. தோட்டம் தனியார் நிலம். அத்தனை குடும்பங்கள் வாழ்ந்தும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் கம்பமாகாது. பாரத்தின் அடியில் கிராணியின் குறிப்புக்கு நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். ஆபத்தான இடம் என்று நான் எழுதி மேலே அனுப்பியிருக்கலாம். விதிக்குள் வராத மனு போனால் அதிகாரி எல்லார் முன்னாலும் ஏசுவார். உன் தோட்டத்து ஆளா என்று கேட்பார். அதை நினைத்ததுமே பேனாவை மூடிவிட்டேன். தோட்டத்துக்கு இது பொருந்தாது என்று சொல்லிப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சரிம்மா, ரூல்ஸ் அப்படின்னா நீ என்னா செய்வ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வறட்சியில், ஒரு பிற்பகல், காற்று திரும்பித் தீ லயத்தின் கடைசி வரிசைக்கு வந்துவிட்டது. முதுகுப் பம்புகளோடு அவர்கள் சுவர்களை நனைத்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலுக்கு வாளியோடு ஓடிய அண்ணன் சாம்பல் பூத்த தரையில் கால் வைத்தார். உள்ளே வெந்து குடைந்திருந்த மண் இடிந்து, வலது கால் முழங்கால்வரை கனலுக்குள் இறங்கியது. வீடுகள் தப்பின. அவருடைய காலை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள். லோரி ஓட்டாதவருக்குத் தோட்டத்தில் வீடில்லை. ரவாங்கில் ஃபேக்டரி வேலைக்குப் போன மகளோடு குடும்பம் அங்கே போய்விட்டது.

தீக்குப் பிறகு, ஒரே மாதத்தில் பம்பு வந்தது. விதிவிலக்குக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். அதிகாரி ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்துத்தான் ரவாங்குக்குப் போகத் துணிவு வந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுதாமல் விட்ட நான்கு வரியைப் பற்றிச் சொன்னேன்.

"எழுதியிருந்தா பம்பு வந்திருக்குமா?"

"தெரியலண்ணே. மேல போயிருக்கும்."

"ஏம்மா எழுதல?"

"பயம்ணே. வேலை போயிடுமோன்னு."

சாலையில் போன ஃபேக்டரி பஸ் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கும் பயம்தாம்மா. அதுக்குத்தானே பம்பு கேட்டோம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. மகளைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறேன். வறட்சி மாதங்களில் காடு எரிந்து புகை ஊருக்குள் வரும்போது, பேரப்பிள்ளைகளுக்காக ஜன்னல்களைச் சாத்துகிறேன். எங்கே எரிகிறது என்று யாரிடமும் விசாரிப்பதில்லை.