வாழைப்பழத் தட்டுக்குக் கீழே ஒரு கேர் கம்பி

எனக்கு வயது எண்பத்தொன்று. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். நாத்தனார் மகனையும் சேர்த்தால் ஏழு. ஏழு பேரும் கார் ஓட்டுவார்கள், ஒருவர்கூட எதிலும் கொண்டுபோய் இடித்ததில்லை. அந்தப் பெருமை எனக்குண்டு. எழுத்து மட்டும் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேரன் எழுதுகிறான்.

நேற்று இவன் தன் காரின் பின்பக்கம் ஏதோ பந்தயக் கார் சின்னத்தைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தான். "ஒட்டுனா வேகமா போகுமாடா?" என்றேன். "சும்மா ஸ்டைலுக்குத்தான் பாட்டி" என்றான். அந்தப் பசை வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்தக் குடும்பம் தொடங்கியதே அப்படி ஒட்டிய ஒரு சின்னத்தில்தான்.

நாட்டுக்கு மலேசியா என்று பெயர் வைத்த மறு வருடம் அது. காஜா பெராங்கில் வாடகை வீடு. அப்பா டாக்சி ஓட்டினார். ஓட்டியது பழைய மோரிஸ், மனம் முழுக்கப் பந்தயக் கார். சாயங்காலம் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார், நான் டார்ச் பிடிப்பேன். அப்போது அவர் பேசுவதெல்லாம் மினி கூப்பரைப் பற்றித்தான். பார்ப்பதற்குச் சாதா மினி மாதிரியே குட்டியாக இருக்குமாம், மிதித்தால் பெரிய வண்டிகளெல்லாம் பின்னால் நிற்குமாம். "உள்ள பாரு கண்ணு. கூப்பர்ல கேர் மாத்துற கம்பி குட்டையா ரெண்டு சீட்டுக்கு நடுவுல நிக்கும். சாதா மினியில தூரத்துல தரையிலேர்ந்து நீட்டமா வளைஞ்சு வரும், அகப்பை மாதிரி." வேறு பெண்கள் கோலம் கற்ற வயதில் நான் இதைக் கற்றேன். கோலம் இன்றைக்கும் எனக்குக் கோணல்தான்.

கார் விஷயத்தில் பொய் சொன்னால் அப்பாவுக்கு ஆகாது. எனக்கு முதலில் வந்த மாப்பிள்ளை, லைசென்ஸ் இருப்பதாகப் புளுகினார். அப்பா அவரைக் காப்பிகூடக் குடிக்கவிடாமல் திருப்பி அனுப்பினார். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இரண்டாவதாக வந்தவர் உஜோங் பாசிரில் இருந்த கிராணி, ஆபீசில் கணக்கெழுதுகிறவர். இவரைக் கோயில் திருவிழாவில் முன்பே பார்த்திருந்தேன். தண்ணீர்ப் பந்தலில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு ஊற்றியதைவிடத் தன் வேட்டியில் ஊற்றிக்கொண்டதுதான் அதிகம். அதற்கு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று. உங்களிடம் சொல்வதற்கென்ன, இவரும் திரும்பிப் போய்விடக் கூடாதே என்று, பெண் பார்க்க வந்த அன்று விடியற்காலையிலிருந்து மாரியம்மனை விடவில்லை.

கார் தெருமுனை திரும்புவதற்கு முன்பே உறுமல் கேட்டது. அப்பா துள்ளி எழுந்தார். "கூப்பர்! சத்தத்திலேயே தெரியுது! அந்தம்மா சொன்னது நெசந்தான்!" மாப்பிள்ளையின் அம்மா, மகனிடம் கூப்பர் இருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்து வீட்டம்மாள் கம்போங் செட்டிக்காரர். தமிழ் வம்சமானாலும் அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். வேலியோரம் நின்ற அவரிடம் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கெரெத்தா லும்பா!" என்றார். பந்தயக் காராம்.

நான் சன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன். சிவப்பு மினி. வெள்ளைக் கூரை. மூக்கில் கூப்பர் சின்னம். கூரையில் வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பிரஷ்ஷின் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு தட்டு கொண்டுவந்தால் போதும். இவர்கள் அந்தக் குட்டிக் காரில் ஏழு தட்டு ஏற்றி, அதில் பாதியை முன்சீட்டுகளுக்கு நடுவே அடுக்கியிருந்தார்கள். மாப்பிள்ளை கேர் மாற்றினார். கை இடுப்பருகே போகவில்லை. வாழைப்பழத் தட்டுக்கு அடியில் நுழைந்து எட்டி எங்கேயோ போயிற்று. அகப்பைதான். சாதா மினி. மாரியம்மனை மறுபடி கூப்பிட்டேன்.

தட்டுகளைப் பெண்கள்தான் வாங்க வேண்டும், ஆண்கள் தொடமாட்டார்கள். அந்த வழக்கத்தை நம்பித்தான் அந்த அம்மா அப்படி அடுக்கியிருக்கிறார். ஆனால் கூப்பரைக் கண்ட அப்பாவுக்கு வழக்கமாவது ஒன்றாவது! என் அம்மா கையை நீட்டுவதற்குள் கதவைத் திறந்து, "குடுங்க, குடுங்க" என்று ஒவ்வொன்றாக எடுத்தார். பூ போயிற்று, வெற்றிலை போயிற்று, ஆரஞ்சு போயிற்று. கடைசியில் வாழைப்பழம். அதைக் கையில் ஏந்தியபடி, அதற்கு அடியில் வளைந்து நின்ற கம்பியைப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் அம்மா முந்திக்கொண்டார். "இது வெளிநாட்டு மாடலுங்க. அதுல கம்பி அப்படித்தான் வரும்."

அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கூப்பரா தம்பி?"

"இல்ல மாமா. சாதா மினிதான். சின்னம் பழைய இரும்புக் கடையில கெடச்சிச்சு, நான்தான் ஒட்டுனேன். கூரையும் நான் அடிச்சதுதான்."

"டேய்!" என்று அவர் அம்மா முழங்கையால் இடித்தார்.



"அப்ப அந்தச் சத்தம்?" என்றார் அப்பா.

"சைலன்சர்ல ஓட்டை மாமா."

அப்பா பழத்தட்டைப் பார்த்தார். வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டம்மாளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "ஓட்டையக் கேட்டுட்டா தெருவெல்லாம் கூப்பர்னு சொன்னேன்! உள்ள வாங்க தம்பி, காப்பி ஆறுது. போறப்ப நானே அடைச்சுத் தர்றேன்."

"வேணாம் மாமா, சத்தம் நல்லாத்தானே இருக்கு!"

அந்த மினியில்தான் என் முதல் மூன்று பிள்ளைகளும் ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். யார் கேட்டாலும் அவர் "சாதா மினி" என்றுதான் சொல்வார். பசாரில் யாராவது கேட்டால் நான் "கூப்பர்" என்பேன். அந்த ஒரு விஷயத்தில் மாமியாரும் நானும் ஒரே கட்சி.

இப்போது செங் பக்கம் புது வீடுகளில் வாசலுக்கு இரண்டு கார் நிற்கிறது. ஒன்றும் உறுமுவதில்லை, ஒன்றிலும் கேர் கம்பியை எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. பெண் பார்ப்பதும் போனிலேயே முடிந்துவிடுகிறது. தட்டு வாங்க முந்துவதற்கு ஓர் அப்பாவும் இல்லை. அந்த மினி போயிற்று. அதை ஓட்டியவரும் போய்விட்டார்.

சரிடா, எழுதினது போதும். முதலிலிருந்து படித்துக் காட்டு. உன் தாத்தா "இல்ல மாமா" என்று சொல்லும் இடம் வரும். அதை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி.