கை படாத ஜாடி

என் புருஷன் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போகிற கப்பலில் கரி வாரிப் போடுகிறவர். ஜப்பான்காரன் சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்த காலம். போனால் இரண்டு மூன்று மாதம். வந்தால் நாலைந்து நாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. பிள்ளை இல்லையே என்று இராயபுரத்தில் என்னைக் கேட்காத வாய் கிடையாது. ஆள் வீட்டில் இல்லையே என்று ஒரு வாயும் கேட்டதில்லை.

அப்படி வந்த ஒரு தடவை அந்தக் கண்ணாடி ஜாடியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கப்பலில் பேட்டரி வைத்திருந்த ஜாடி. பழசாகிவிட்டதென்று கழித்துப் போட்டார்களாம். ஒரு குடம் தண்ணீருக்கு மேல் பிடிக்கும். குழாயடியில் உட்கார்ந்து அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மறுநாள் கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு குட்டைக்குப் போய் வண்டல், வேலம்பாசி, கொட்டிக்கிழங்கு, உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மினுங்கும் சின்னச் சின்ன மீன்கள் எல்லாம் கொண்டுவந்தார். நாலு தெரு தாண்டினால் கடற்கரை மணல் கொட்டிக் கிடக்கிறது. அதில் உப்பு என்று சொல்லி, யாரோ வீடு கட்டுகிற இடத்தில் கெஞ்சி ஆற்றுமணல் வாங்கி வந்தார். அடியில் வண்டல், மேலே மணல், அதில் கிழங்கைப் பாதி புதைத்து, பாசியைக் கொத்துக் கொத்தாக நட்டார். வந்த நாலு நாளில் இரண்டு நாள் ஜாடிக்கே போயிற்று. நான் வைத்த குழம்பு இரண்டு நாளும் ஆறித்தான் போனது.

"இன்னாத்துக்கு இது?" என்று கேட்டேன்.

"அங்க எங்க பாத்தாலும் நெருப்புதான்மே. வூட்டுக்கு வந்தா பச்சையா ஒண்ணு பாக்கணும்."

வூட்டில் நானும்தான் இருக்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அதே தடவைதான் எங்கள் தெருவிலிருந்த துறைமுக மேஸ்திரி வந்து ஒரு விஷயம் சொன்னார். துறைமுகத்துக்குள்ளேயே கப்பல்களை இழுத்து வரும் படகில் கரி போட ஆள் வேண்டும். கூலி கொஞ்சம் குறைவு; ஆனால் வேலை முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். அடுத்த தடவை கரைக்கு வரும்போது பதில் சொன்னால் போதும் என்றார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்பால பாத்துக்கலாம்" என்றார். இந்த வேலைக்கு அவர் சரியென்று சொல்லவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், வேறெதுவும் இல்லை.

கிளம்பும்போது என்னிடம் சொன்னது ஜாடியைப் பற்றி. "தண்ணி கொறஞ்சா ஊத்து. மத்தபடி கை வெக்காத. கம்முனு வுட்டுடு."

கை வைக்க நினைத்தாலும் முடியாது. எனக்கு மிளகாய் மண்டியில் வேலை. தெற்கத்திச் செட்டியார் ஒருவரின் மண்டி; வெளிச்சம் வருமுன் போனால் இருட்டும் வரை காம்பு கிள்ளவேண்டும். சோப்புப் போட்டாலும் சாம்பல் போட்டாலும் விரலில் அந்தக் காரம் போகாது. எங்கள் தெருவில் துறைமுகத்துக் கரித்தூள் மழை மாதிரி விழும். கண்ணில் ஒரு துகள் விழுந்தால் என் கண்ணை நானே துடைக்க முடியாது. சுவரில் சாய்ந்து அழுது அழுதுதான் அது வெளியே வரவேண்டும். இந்தக் கையை ஜாடிக்குள் விட்டால் மீன் என்னத்துக்கு ஆகும்?

ஆக, நான் செய்தது இவ்வளவுதான். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கும். அதை ஒரு பானையில் பிடித்து ஒரு நாள் வைத்துவிடுவேன். பிறகு ஜாடியில் ஒரு துண்டு வாழை இலையை மிதக்கவிட்டு, அதன் மேல் டம்ளரால் மெதுவாக ஊற்றுவேன். மணல் கலங்காது. பகலில் கரித்தூளுக்குப் பயந்து மெல்லிய துணி போட்டு மூடுவேன். ராத்திரி துணியை எடுத்துவிடுவேன். கொசு வந்து முட்டையிடும், மீன் தின்னும். எங்கள் பக்கத்தில் சோற்றுக்குப் பஞ்சம் வந்தாலும் கொசுவுக்கு வராது.

பக்கத்து அறைக்காரிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "வாயில்லாத ஜீவனப் பட்டினி போடறியேடீ, நல்லா இருப்பியா?" என்று தினம் பாடுவாள். ஒரு நாள் நான் மண்டியிலிருந்து வந்து துணியை விலக்கினால், தண்ணீர் அரிசி கழுவின கழுநீர் மாதிரி வெளுத்திருக்கிறது. அடியில் பழைய சோறு கிடக்கிறது. இரண்டு மீன் மல்லாந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"அவ்ளோ பாசம் இருந்தா உன் புருஷனுக்கு வேளாவேளைக்குப் போடு! இங்க வந்து ஏன் கலீஜ் பண்ற?" என்று முற்றம் அதிரக் கத்தினேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சோற்றை நீளக் கரண்டியால் வாரி, பாதித் தண்ணீரை மொண்டு கொட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் புதுசு ஊற்றிவந்தேன். நாள் போகப் போகத் தெளிந்தது. அதற்கப்புறம் துணியின் மேல் ஒரு பலகையும் செங்கலும் ஏறின.

இத்தனை பாடும் எதற்கு? எனக்கு மீன் மேல் ஆசை கிடையாது. ஜாடி நன்றாக இருந்தால், அதைப் பார்த்துக்கொண்டாவது மனுஷன் வீட்டில் உட்கார்ந்துவிடுவார் என்று என் கணக்கு.

அவர் வந்தபோது ஜாடி உண்மையிலேயே அழகாக இருந்தது. கொட்டி இலைகள் மேலே வந்து படுத்திருந்தன. பாசி காடாக வளர்ந்திருந்தது. அதற்குள் ஊசி முனை போலக் குஞ்சுகள். பெட்டியைக் கீழே வைக்காமல், என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் நேரே அங்கேதான் போனார்.

"பாத்தியாமே! நான் இல்லாமயே இன்னா சோக்கா கீது!"

அப்புறம் அறையைச் சுற்றிப் பார்த்தார். கூரை ஒழுகின இடத்தில் நான் ஓடு மாற்றியிருந்தேன். தண்ணீர்ப் பானை புதுசு. அரிசி டின் நிறைந்திருந்தது. மனுஷனுக்கு ஒரே பூரிப்பு.

"நீயும் அப்டித்தான். கில்லாடி. நான் இல்லைன்னா இன்னா, எல்லாம் நடக்குது. மேஸ்திரிகிட்ட வேணாம்னு சொல்லிடறேன். கப்பல்ல காசு ஜாஸ்திமே."

பட்ட பாடெல்லாம் எனக்கே எதிராகப் போய்விட்டதே! எழுந்து ஜாடியை இரண்டு கையாலும் பிடித்து அவர் பக்கம் தள்ளினேன். மணலும் தண்ணீருமாக நகரவே இல்லை, அடியில் இருந்த பலகைதான் கிறீச்சிட்டது.

"எடுத்துக்கினு போ."

"எங்க?"

"கப்பலுக்குத்தான். பச்சையா பாக்கணும்னா அங்கயே வெச்சுப் பாரு."

"இன்னாமே பேஜாரு பண்ற? கப்பல் ஆடும். ஆடற எடத்துல வேரு புடிக்குமா?"

"புடிக்காதுன்னு தெரியுதில்ல?"

அவர் குனிந்து அடிப்பலகையைச் சரிசெய்யப் போனார்.

"நான் பாசி இல்லைய்யா, கம்முனு வுட்டா தழைக்கறதுக்கு," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினேன், மிளகாய்க் கை. அப்படியே இறக்கிக்கொண்டேன். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் மண்டிக்குக் கிளம்பும்போது சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் தெருவில் இறங்கினார். மேஸ்திரி வீட்டுக்கு என்று சொல்லவில்லை. இவர் படகு வேலைக்குச் சரியென்றதை ராத்திரி மேஸ்திரி பெண்சாதிதான் வந்து சொன்னாள்.

அதற்கப்புறம் ஜாடிக்கு வந்தது கேடு. தினம் வேலை முடிந்து குளித்துவிட்டு அதன் முன்னால் குந்திவிடுவார். பாசியை வெட்டுவார். கிழங்கைப் பிடுங்கி இடம் மாற்றி நடுவார். மணலைக் கிளறுவார். புழு போடுவார், தின்னவில்லையென்றால் வேறு புழு போடுவார். தண்ணீரை இன்றைக்கு மாற்றுவார், நாளைக்கும் மாற்றுவார். கிழங்கு அழுகியது. தண்ணீர் பச்சைக் குழம்பாகியது. மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன.

"கம்முனு வுடுன்னு எனக்குச் சொன்ன ஆளு நீதானே?" என்றேன்.

"வூட்லயே கீறேனே. கை சும்மா இருக்குமா?"

ஜாடியைக் கழுவி முற்றத்தில் கவிழ்த்தபோது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வருத்தமில்லை. சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

அந்த வாரமே என்று நினைக்கிறேன். மண்டியிலிருந்து வரும் வழியில் கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டது. வழக்கம்போல இரண்டு கையையும் விலக்கிப் பிடித்துக்கொண்டு, தடுமாறி வாசலுக்கு வந்து, சுவரில் சாய்ந்து நின்றேன். உள்ளேயிருந்து அவர் வந்தார். என் முகவாயைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, இமையைத் தூக்கி ஊதினார்.