அக்கா எந்த அறையில்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரு புதுக் கணினி நிரல் மொழியோடு மல்லுக்கட்டிய மாதங்களில் அது இறங்கவே இல்லை. நான் எழுதுவதைச் சரிபார்த்து, கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரவேண்டிய கம்பைலர், சம்பந்தி வீட்டார் மாதிரி எதை வைத்தாலும் ஒரு குறை சொன்னது.

அந்த மொழியில் நான் எடுத்த முதல் நிஜ வேலை எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு. அங்கே ஓர் அறைக்கு நாலு பேர்தான். உள்ளே போகிறவர்கள் வெளியே கம்பத்தில் இருக்கும் கருவியில் அட்டையைக் காட்டவேண்டும். ஏதாவது நடந்துவிட்டால் யார் எந்த அறையில் என்று ஆபீஸ் திரையில் தெரியவேண்டும். என் அக்கா அங்கேதான் பட்டாசுக் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்துகிறாள். அதனால் இதை வெறும் ஆர்டராக என்னால் நினைக்க முடியவில்லை.

ஆளை அறை மாற்றும் பகுதியில் கம்பைலர் அடம்பிடித்தது. ஒருத்தியை அடுத்த அறைக்குக் கொடுத்துவிட்டு, பழைய அறையில் ஏன் இன்னும் தேடுகிறாய் என்பது அதன் புகார். "சனியனே" என்று மேசையில் அடித்தேன். ஒரு நகல் எடுத்து வைத்தால் அது வாயை மூடிக்கொள்ளும். ஆனால் திரையில் ஒரே ஆள் இரண்டு அறையில் இருப்பாள். அக்காவை நினைத்துக்கொண்டு முழுவதையும் கலைத்துவிட்டு மறுபடி எழுதினேன்.

ஒரு மதியம் பிழையே இல்லாமல் ஓடியது. அடேயப்பா, அன்றைக்கு நான் விட்ட பீற்றல்! "ஒரு ஆளு ரெண்டு ரூம்ல இருக்கவே முடியாதுண்ணே. கம்பைலரே விடாது" என்றேன் போர்மேனிடம்.

"அஞ்சாவது ஆளு உள்ள போனா?"

"மணி அடிச்சிரும்."

"அப்பச் சரி தம்பி" என்றார்.

தீபாவளி சீசன் நெருக்கத்தில் ஒரு காலை, நான் அந்த ஆபீஸில் இருக்கும்போதே வெடித்தது. ஏழாவது அறையிலிருந்து புகை. திரையைப் பார்த்தேன். அக்கா ஆறாவது அறையில் இருந்தாள். உயிர் வந்தது. வேறு யாரும் சொல்லிப் பயமுறுத்தும் முன் மல்லாங்கிணறு ஊரிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பதறாதம்மா, அக்காவுக்கு ஒண்ணுமில்ல. அவ வேற ரூம்ல இருக்கா."

"நெசமாவாய்யா? நீ பாத்தியா?"

"பாத்துட்டேன்மா."

வெளியே ஓடினேன். ஆறாவது அறைப் பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அக்கா இல்லை. ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்: "ஏழாவது ரூம்ல புதுசா வந்த பிள்ளைக்குக் கை ஓடலன்னு ஒத்தாசைக்குப் போனா தம்பி. அட்டையக் காட்டுனா அஞ்சாவது ஆளுன்னு மணி அடிக்கும்ல? அதான் காட்டல. நாங்க எல்லாரும் அப்படித்தான் போவோம்."

ஒத்தாசைக்குப் போகிறவளை என் நிரலுக்கும் தெரியாது, கம்பைலருக்கும் தெரியாது. அந்தத் திரையை உடைத்துப் போடவேண்டும் போல இருந்தது.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் கட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏலே, அந்தப் பிள்ளை எங்கன இருக்கு?" என்று கேட்டாள் அக்கா. "வாசப் பக்கம் தள்ளிவிட்டேன். வெளிய வந்திருப்பா."

"இல்லக்கா, வெளிய வரல."

"நல்லாப் பாத்தியாலே?"

"பாத்தேன்க்கா. நேர்ல போய்ப் பாத்தேன்."