பீரோவுக்குள் மாட்டிக்கொண்ட பேய்

சுவரையே ஊடுருவிப் போகிற பேய், ஒரு பீரோவின் கதவைத் தட்டி அழுமா? படம் முடிந்து வெளியே வரும்போது என் தங்கை கேட்டாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பேயாக நடித்தவர் எங்கள் தெருக்கோடியில்தான் இருக்கிறார் என்பதும் தெரியாது. சட்டை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில்தான் விஷயம் வெளிவந்தது.

அவரை எல்லோரும் பேயக்கா என்பார்கள். தொழில் தையல். மலிவாகப் பேய்ச் சிரிப்புப் படங்கள் எடுக்கும் டைரக்டர் ஒருவருக்கு வெள்ளை அங்கி தைத்துக்கொண்டு போனார். பேயாக நடிக்க வேண்டிய பெண் அன்று வரவில்லை. அளவு பார்க்க அங்கியை மாட்டியவர், அதோடு மாட்டிக்கொண்டார். அதிலிருந்து அந்த டைரக்டரின் எல்லாப் படத்திலும் அவர்தான் பேய். வெள்ளைத் துணி, முகத்தை மூடும் விக், ஒரு டப்பா பவுடர், முடி பறக்க ஒரு மின்விசிறி. கரண்ட் போனால் முந்நூறு வருஷப் பகையும் அப்படியே நிற்கும்.

ஆனால் முகம் மட்டும் எந்தப் படத்திலும் தெரிந்ததில்லை. அக்காவின் மகள் பள்ளியில் அம்மாவின் படத்தைக் காட்டியபோது, தோழிகள் "இது முன்பக்கமா, பின்பக்கமா?" என்று கேட்டார்கள். அவள் அழுதுகொண்டு வந்தாள். அக்கா டைரக்டரிடம் ஒரே ஒரு காட்சி கேட்டார், விக் இல்லாமல். சரி, நர்ஸ் வேஷம், கடைசி நாள் வெளிச்சம் போவதற்குள் எடுத்துவிடலாம் என்று அவரும் வாக்குக் கொடுத்தார். நர்ஸ் உடுப்பை அக்காவே தைத்து, மடிப்புக் கலையாமல் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். அதற்குமுன் பேய்க்கு ஒரு ஷாட் பாக்கி.

கண்ணாடிக் கதவு போட்ட பீரோவுக்குள் பேய் நிற்க வேண்டும். சிரிப்பு நடிகர் அதைக் கண்ணாடியில் தெரியும் தன் உருவம் என்று நினைத்துத் தலை வாரும்போது, கதவைத் தள்ளிக்கொண்டு பாய வேண்டும். கதவு தானாகவே திறந்து திறந்து ஷாட்டைக் கெடுத்ததால், தச்சர் வெளியே ஒரு கொக்கி வைத்தார். மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எடுக்கும்போது கழற்ற வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அக்கா தள்ளினார். அசையவில்லை. கொக்கியைக் கழற்றச் சொன்னார். யாரும் திரும்பவில்லை. அங்கே குரலைப் பிறகுதான் சேர்ப்பார்கள். பேய் வாயை அசைத்தால் போதும். அதனால் அக்கா எப்போதுமே நாளைய சமையலையோ பட்டன் வைக்க வேண்டிய சட்டையையோ சொல்லிக்கொண்டிருப்பார். பேய் பேசுவதைக் காதில் வாங்கும் பழக்கமே அங்கு ஒருவருக்கும் இல்லை.

உள்ளே புழுங்கியது. விக்கைப் பிடுங்கி எறிந்தார். கண்ணாடியில் முகத்தை அழுத்தி, கதவைத் தட்டி அழுதார்.

"மூச்சு முட்டுதுங்க. கதவத் தெறங்க. என் பொண்ணு எனக்காகக் காத்துக்கிட்டிருக்கா."

நிறுத்தாதே, அக்கா பின்னி எடுக்கிறார் என்று டைரக்டர் கேமராக்காரரிடம் கிசுகிசுத்தார். சிரிப்பு நடிகர் தலை வாரிக்கொண்டே இருந்தார். கடைசியில், டீ குடித்துவிட்டு வந்த தச்சர்தான் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து கொக்கியை எடுத்தார்.

அக்கா தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். ஜன்னலைப் பார்த்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. எழுந்துபோய் நர்ஸ் உடுப்பை எடுத்தார்.

"அது எதுக்குக்கா? அதான் முகம் வந்துடுச்சே" என்றார் டைரக்டர்.

"அது நான் நடிச்சதில்ல தம்பி."

"அதனாலதான்க்கா நல்லா வந்திருக்கு."

தியேட்டரில் அந்த இடத்தில்தான் சிரிப்பு அதிகம். அக்காவின் வாய்க்கு வேறு யாரோ போட்ட பேய்ச் சிரிப்பு ஓடியது. மகளின் தோழிகள், உங்கம்மாவேதான் என்று கை தட்டினார்கள். மகள் மட்டும் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அதுக்குள்ள நின்னு என்னப் பத்தி ஏதாவது சொன்னியா?"

"வாய்க்கு வந்தத சொன்னேன்டி. படத்தப் பாரு."

நர்ஸ் உடுப்பு இன்னும் தையல் மிஷினுக்கு மேலே தொங்குகிறது. பக்கத்தில் புதிதாக ஒரு வெள்ளை அங்கி. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டதால் அடுத்த படத்திலும் பீரோ உண்டு. கொக்கியும் உண்டு.

அக்கா பீரோவில் மாட்டிக்கொண்ட அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். பீரோ காட்சி வரும்போது சத்தத்தை விட்டுவிட்டு, அக்காவின் உதடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.